பதினொரு படி டூரும் ஒரு அரைப் பேரும்

ஹட்டன்
ஞாயிறு இரவு

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள் என்ற இடத்தை அம்மாவுக்கு இரண்டு தரம் வாசித்துக் காட்டினேன். "அந்த வெயிலில் பிள்ளை எங்கே போய் மண் அளையப் போகிறது" என்று ஒரு பெருமூச்சு விட்டார். இங்கே பத்து நாளாக மழை. காலையில் மல்லியப்பூச் சந்தியில் பஸ்ஸின் முன்விளக்குகள்தான் தெரிகின்றன, பஸ் தெரிவதில்லை. துவைத்த துணியெல்லாம் அடுப்புக்கு மேலே தொங்குகிறது. மின்னஞ்சலுக்கு வாசம் இருந்தால் இந்தக் கடிதம் புகை மணக்கும்.

தோஹாவில் உங்கள் மருந்தகச் செயலிக்குள் புதிதாக வருகிறவர்களைக் கைபிடித்து அழைத்துப்போகும் டூர் ஒன்று வைக்கச் சொல்லி மேலாளர் தலைமாட்டில் நிற்கிறார், அதற்கு எந்த ஆயத்த நிரல் தொகுப்பு, எந்த லைப்ரரி, நல்லது என்று கேட்டிருந்தாய். ஒரு வரியில் சொல்வதானால் டிரைவர் ஜேஎஸ். கம்ரான் அஹமது என்பவர் 2018இல் வெளியிட்டது, வணிகத்துக்கும் காசில்லாமல் எடுக்க விடும் எம்ஐடி உரிமம், வேறு எதையும் இழுத்துக்கொண்டு வராத சின்னப் பொதி. இன்ட்ரோ ஜேஎஸ் என்ற இன்னொன்றை வணிகச் செயலியில் வைத்தால், நம் நிரலையும் திறந்து காட்டச் சொல்லும் ஏஜிபிஎல் நிபந்தனைக்குக் கட்டுப்பட வேண்டும், இல்லாவிட்டால் காசு கொடுத்து உரிமம் வாங்க வேண்டும். ஹப்ஸ்பாட் கம்பனியில் பிறந்த ஷெப்பர்ட் என்ற லைப்ரரியும் அண்மைய பதிப்புகளில் அதே வழிக்குப் போய்விட்டது. எதை எடுத்தாலும் முதலில் உரிமக் கோப்பைத் திறந்து பார்.

இந்தத் தேர்வு அரை நாள் வேலைதான். நான் மூக்குடைபட்டது அதற்குப் பிறகு.

தோட்டக் கம்பனி ஒன்றுக்கு நான் செய்துகொடுத்த கொழுந்து நிறுவைச் செயலியைப் பற்றி முன்பே எழுதியிருக்கிறேன். காலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேர் போடுவது (முழு நாள் சம்பளக் கணக்கு முழுப் பேர், அரை நாள் என்றால் அரைப் பேர்), நாளுக்கு மூன்று நிறுவையையும் பதிவது, மாத முடிவில் கணக்கைக் கிளாக்கருக்கு அனுப்புவது, அவ்வளவுதான். புதிய வெளிக்கள உத்தியோகத்தர்கள் தடுமாறுகிறார்கள் என்று சொன்னார்கள். உடனே உட்கார்ந்து பதினொரு படிகளில் ஒரு டூர் கட்டினேன். திரை முழுவதும் கறுத்துப்போகும், ஒரு பொத்தான் மட்டும் வெளிச்சத்தில் நிற்கும், பக்கத்துப் பெட்டியில் இரண்டு வரி விளக்கம் வரும். வெளியிட்ட இரவு நானே நான்கு தரம் ஓட்டிப் பார்த்து ரசித்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உன்னிடம் மறைக்க என்ன.

மறுவாரம் போகவந்தலாவைப் பக்கம் ஒரு தோட்டத்துப் பெரட்டுக்குப் போனேன். காலை ஆறரை மணி, தூறல். இடுப்பில் படங்கு கட்டிய பெண்கள் வரிசையாக நிற்கிறார்கள். வேலைக்குச் சேர்ந்து மூன்று நாளான தம்பி ஒருவன் தோளுக்கும் கழுத்துக்கும் இடையில் குடையை இடுக்கிக்கொண்டு டேப்லெட்டைத் திறக்கிறான். என் டூர் எழும்பியது. ஈரப் பெருவிரலால் 'அடுத்து', 'அடுத்து', 'அடுத்து' என்று பதினொரு தரம் தட்டினான். ஒரு எழுத்தைக்கூட வாசிக்கவில்லை. திரை வெளிச்சமானதும் என்னைத் திரும்பிப் பார்த்து, "அண்ணன், அரைப் பேர் எங்கே போடுவது?" என்று கேட்டான். ஏழாவது படியில் நான் பார்த்துப் பார்த்து எழுதியிருந்த விஷயம் அது!

அந்தத் தம்பியில் பிழை இல்லை. முன்னால் ஆட்கள் நனைந்துகொண்டு நிற்கும்போது யார் உட்கார்ந்து பாடம் படிப்பார்கள்? இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. 1980களில் ஐபிஎம்மில் ஜான் கரோல் என்பவர், அலுவலகத்தவர்கள் சொற்செயலி பழகுவதைப் பக்கத்தில் இருந்து கவனித்தார். கையேட்டைப் புரட்டிவிட்டு நேரே வேலையில் இறங்கிவிடுகிறார்கள், வழி தவறியபிறகுதான் உதவி தேடுகிறார்கள். மேரி பெத் ராஸனோடு சேர்ந்து 1987இல் அவர் இதைப் பற்றி எழுதியதை நான் டூர் கட்டி முடித்தபிறகுதான் வாசித்தேன். கையேட்டைக் கொழுக்கவைப்பதற்குப் பதிலாக, தொடக்கத்தில் கைதவறி அழுத்தக்கூடிய வசதிகளைப் பூட்டிவைத்தும் அவர் சோதித்திருக்கிறார். சைக்கிள் பழகும் பிள்ளைக்குப் பின்னால் பூட்டும் இரண்டு குட்டிச் சக்கரங்களின் பெயரைத்தான் அந்த முறைக்கு வைத்தார். பழகுகிறவர்கள் சீக்கிரமாகவே வேலையைத் தொடங்கினார்கள்.

நாம் கணினி வகுப்புக்குப் போன காலத்து ஆபீஸ் 97இல், கடிதம் எழுதத் தொடங்கியதும் கண்ணை உருட்டிக்கொண்டு வரும் கிளிப் நினைவிருக்கிறதா? நீ அதைத் துரத்தத் துரத்த அது திரும்பி வருமே. 2001இல் வந்த பதிப்பில் அதைத் தானாக எழும்பாதபடி அணைத்துவைத்தார்கள், 2007இல் எடுத்தே விட்டார்கள். நான் கட்டியது அதன் தம்பி.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கொடுத்துப் பார்த்தேன். முப்பது வருடம் கொழுந்து எடுத்தவர், தமிழ் நன்றாக வாசிப்பார், நிறுவையில் ஒரு கிலோ குறைந்தாலும் தூக்கம் வராது. டூர் தொடங்கித் திரை கறுத்ததும் டேப்லெட்டை என்னிடம் நீட்டி, "இதற்கும் கரண்ட் போய்விட்டதா?" என்றார். சிரித்தேன். பிறகு சிரிப்பு வரவில்லை. இருட்டடித்தால் வெளிச்சமான இடத்தைப் பார்க்க வேண்டும் என்பது நாம் பழகிக்கொண்ட ஒன்று. அவருக்குத் திரை இருண்டால் சாமான் பழுது. அன்றிரவே அந்த இருட்டு மறைப்பின் அடர்த்தியை அரைவாசிக்கும் கீழே குறைத்தேன்.

பிறகு வந்தவை நம் தொழில் தவறுகள். டூர் பார்த்தாயிற்று என்ற குறிப்பை உலாவியின் உள்சேமிப்பில், லோக்கல் ஸ்டோரேஜில், வைத்திருந்தேன். தோட்டத்தில் ஒரு டேப்லெட்டை மூன்று பேர் மாறி மாறி எடுக்கிறார்கள். முதலாமவர் 'முடிந்தது' என்று தட்டினால் மற்ற இருவருக்கும் டூர் வரவே வராது. யாராவது உலாவியைத் துப்புரவாக்கினால் பழைய கிளாக்கர் ஐயாவுக்கும் மறுபடி அரிவரிப் பாடம். உங்கள் மருந்தகத்திலும் கவுன்டரில் ஒரே கணினிதான் இருக்கும். அந்தக் குறிப்பைப் பயனரின் கணக்கோடு சேர்த்துச் சர்வரில் வை, டூரின் பதிப்பு எண்ணையும் கூடவே வை.

இன்னொன்று இதைவிட மோசம். ஐந்தாவது படி 'கழிவு' என்ற பொத்தானைக் காட்ட வேண்டும். ஒரு நிறுவையாவது பதிந்தால்தான் அந்தப் பொத்தான் திரைக்கு வரும். புதியவரிடம் நிறுவை ஏது? காட்ட வேண்டிய உறுப்பு இல்லாவிட்டால் டிரைவர் ஜேஎஸ் பிழை சொல்லி நிற்பதில்லை, பெட்டியைத் திரையின் நடுவில் வைத்துவிடும். "இந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று வெறும் வெளியைக் காட்டிக்கொண்டு ஒரு மாதம் நின்றிருக்கிறது. புதியவர்கள் அந்தப் பெட்டியையே அழுத்திப் பார்த்திருக்கிறார்கள். இப்போது உறுப்பு இருக்கிறதா என்று பார்த்தபிறகே படி தொடங்குகிறது. காட்ட வேண்டியவற்றுக்கு டூருக்கென்றே தனி அடையாளப் பண்பு ஒன்றும் கொடுத்திருக்கிறேன். வடிவமைக்கும் தங்கச்சி தோற்றத்துக்காக வைத்த வகுப்புப் பெயரை மாற்றினாலும் டூர் உடையாது.

கழிவைப் பற்றிச் சொல்லத் தொடங்கியபோதுதான் எனக்கு விஷயமே விளங்கியது. சாக்கின் நிறைக்கும் மழைத் தண்ணீருக்குமாகக் கொழுந்தில் கழிப்பார்கள் அல்லவா? மலையில் அதிகம் வாய்ச்சண்டை வருவது அதில்தான். நான் திரையில் 'நிகர நிறை' என்று போட்டு, அதன் பொருளை டூரில் இரண்டு வரி விளக்கியிருந்தேன். அங்கே ஒருவர் வாயிலும் அந்தச் சொல் வராது. 'கழித்த கொழுந்து' என்று பெயரை மாற்றினேன், அந்தப் படிக்கு வேலையில்லாமல் போனது. 'சமர்ப்பி' என்று ஒரு பொத்தான் இருந்தது, கோயிலில் தட்டு நீட்டுவதுபோல. 'கிளாக்கருக்கு அனுப்பு' என்று ஆக்கினேன், இன்னொரு படி போனது. அரைப் பேரை ஒரு பட்டியலுக்குள் ஒளித்து வைத்திருந்தேன். அதை வெளியே எடுத்து முழுப் பேருக்குப் பக்கத்தில் வைத்தேன். ஏழாவது படியும் போனது, அந்தத் தம்பியின் கேள்வியும் போனது. திரை சரியில்லாத இடத்திலெல்லாம் நான் டூரால் ஒட்டுப் போட்டிருக்கிறேன் மச்சான்.

பதினொன்றில் இப்போது மூன்றுதான் மிச்சம். அவையும் வரிசையாக வருவதில்லை. முதல் நிறுவையைப் பதிந்த கணத்தில் ஒன்று, சிக்னல் இல்லாத மலையில் பதிவு தேங்கி நிற்கும்போது ஒன்று, மாத முடிவில் கணக்கு அனுப்பும்போது ஒன்று. 'அடுத்து' பொத்தானும் இல்லை. அந்த வேலையைச் செய்தால் பெட்டி தானாக மறையும். ஷெப்பர்டில் இதற்கு வசதி தயாராக உண்டு. டிரைவரில் நிகழ்வைக் கவனித்து நாமே நகர்த்த வேண்டும், பத்து வரிகூட ஆகாது. வேண்டும் என்கிறவர்கள் மறுபடி பார்க்க மூலையில் ஒரு கேள்விக்குறி வைத்திருக்கிறேன்.

தமிழில் வைப்பதால் ஒரு தலைவலி கூடுதல். ஆங்கிலத்துக்கு அளவெடுத்த பெட்டியில் 'உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள்' என்பது சுவரைத் தாண்டிக்கொண்டு நின்றது. 'சரிபாருங்கள்' என்று மாற்றியதும் அடங்கியது, தமிழும் தேறியது. வரி இடைவெளியைக் கொஞ்சம் கூட்டு, இல்லாவிட்டால் மேல்வரியின் 'கு', 'மூ' வகையறா கீழ்வரியின் 'கி', 'மீ' போன்றவற்றின் மேல்விசிறிகளில் போய் முட்டும்.

உன்னிடம் எனக்கும் ஒரு கேள்வி இருக்கிறது. உங்கள் செயலி அரபியிலும் ஓடும் அல்லவா? திரை வலமிருந்து இடமாகப் புரளும்போது, 'இடப்பக்கம்' என்று நாம் எழுதிவைத்த விளக்கப் பெட்டி எங்கே போய் நிற்கிறது? அதை ஓட்டிப் பார்த்து எழுது. மேலாளருக்கு எதையும் காட்டுவதற்கு முன், மருந்து கொடுக்கிறவர் ஒருவரின் பக்கத்தில் ஒரு காலை முழுவதும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு, அவர் தடுமாறிய திரைகளின் படங்களை எனக்கு அனுப்பு. டூர் வைக்கத்தான் வேண்டுமா என்று பிறகு பேசுவோம்.

அடுத்த மாதம் உன் தம்பி வரும்போது அம்மா தேசிக்காய் ஊறுகாய் கொடுத்து அனுப்புவார். போத்தலைச் சுற்றிக் கட்ட உன் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரைத்தான் எடுத்து வைத்திருக்கிறார். இருபது வருடமாக அது எங்கள் வீட்டில் எப்படிக் கிடந்தது என்று என்னைக் கேட்காதே.

உன் பழைய வாங்குத் தோழன்