மஞ்சள் பையைப் படித்தவர்களுக்கு

பாரிஸ் லா ஷப்பேல் மளிகைக் கடை அண்ணனுக்கும், அன்று அங்கே புழுங்கலரிசி வாங்க வந்த புதுச்சேரி ஐயாவுக்கும், முத்தியால்பேட்டையில் போனை எடுத்த அவர் தங்கைக்கும், நெல்லிக்குப்பம் சம்பந்தி வீட்டாருக்கும் வணக்கம். உங்களில் நெல்லிக்குப்பத்தாரை மட்டும்தான் எனக்குத் தெரியும். பாரிஸில் வழி தவறிய எங்கள் அப்பாவைக் கண்டுபிடித்துக் கொடுத்த உங்களுக்கு ஆளுக்கொரு கடிதம் எழுத விலாசம் இல்லாததால் இந்தப் பொது மடல்.

அக்கா வீட்டுக்குப் போயிருந்த அப்பா, கார் து நோர் ஸ்டேஷனில் மாமாவோடு சார்செல் ரயிலுக்கு நின்றிருக்கிறார். மாமா ஏறினார், கதவு மூடிக்கொண்டது. அப்பாவின் போன் மாமாவின் கோட்டுக்குள். அக்கா நம்பர் மனப்பாடம் இல்லை. நின்ற இடத்திலேயே நின்றிருக்கலாம். அந்தப் பொறுமை எங்கள் அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயதிலும் வரவில்லை. வெளியே வந்து நடந்திருக்கிறார், காதில் தமிழ் விழும்வரை.

"இருங்கோ ஐயா, தேத்தண்ணி குடியுங்கோ" என்று உட்கார வைத்தீர்கள், கடைக்கார அண்ணா. அந்த டீயைப் பற்றி அப்பா இன்னும் பேசுகிறார்.

அப்பா மடியில் மஞ்சள் தாம்பூலப் பை. மஞ்சக்குப்பம் மண்டபத்துக் கல்யாணத்தில் தேங்காயோடு கிடைத்தது. மாத்திரையும் மூக்குக்கண்ணாடியும் அதில்தான். அச்சடித்திருந்த பெயர்களைப் படித்த புதுச்சேரி ஐயா, "என் தங்கச்சி பேத்தி கல்யாணமாச்சே இது!" என்றாராம். முட்டி ஆபரேஷனால் அவர் போக முடியாமல் போன கல்யாணம்.

அவர் தங்கையை அழைத்தார். பெண் வீட்டாருக்கு அப்பாவைத் தெரியாது. தங்கை, நெல்லிக்குப்பம் மாப்பிள்ளை வீட்டைப் பிடித்தார். மாப்பிள்ளையின் அப்பா, சர்க்கரை ஆலையில் எங்கள் அப்பாவோடு வேலை பார்த்தவர். அவர் என்னை அழைத்தபோது, திருப்பாதிரிப்புலியூரில் பாடலீஸ்வரர் கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். நான் அக்காவுக்கு, அக்கா மாமாவுக்கு. மாமா அடுத்த ஸ்டேஷனில் இறங்கித் திரும்பி வந்து, அதே கார் து நோரில் பிளாட்பாரம் பிளாட்பாரமாக ஓடிக்கொண்டிருந்தார். கடைக்கும் அவருக்கும் பத்து நிமிஷ நடைதான். சேதி மட்டும் புதுச்சேரி, நெல்லிக்குப்பம், கடலூர் என்று சுற்றிவிட்டுப் போயிருக்கிறது.

புதுச்சேரிக்காரர் பாரிஸில் இருப்பது அதிசயமில்லை. 1962-இல் புதுச்சேரியை இந்தியாவுக்குக் கொடுத்த ஒப்பந்தம் அமலானபோது பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாதம் தவணை கொடுத்தார்கள். சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைச் சிப்பாயாக இருந்த ஐயாவின் தகப்பனார், குடியுரிமை வேண்டும் என்று எழுதிக் கொடுத்துவிட்டார். ஐயா பிறந்தது வியட்நாமில், சைகோனில். எங்கள் பெரிய தாத்தாவும் சைகோனில் ஜவுளிக் கடையில் இருந்தவர். இரண்டு வீடும் ஒரே தெருவாம். இதை அப்பா சத்தியம் செய்கிறார்; தெருப் பெயர் கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

ஐயா, நீங்கள் அந்தப் பையைக் கேட்டு வாங்கிக்கொண்டீர்களாமே. சந்தோஷம். ஆனால் அப்பாவின் மூக்குக்கண்ணாடி அதற்குள்ளேயே இருக்கிறது. அடுத்து ஊருக்கு யார் வந்தாலும் கொடுத்தனுப்புங்கள். முத்தியால்பேட்டையில் வந்து வாங்கிக்கொள்கிறேன், தங்கையம்மாவையும் பார்த்த மாதிரி இருக்கும்.

அன்புடன்,
திருப்பாதிரிப்புலியூர் மகன்