பெயிண்ட் அடிக்க ஏற்ற நாள் எது?

ஆசிரியருக்கு வணக்கம்.

மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை மீன்பிடித் தடை. குளச்சல், முட்டம், தேங்காய்ப்பட்டணம் படகுகளுக்கு அடிவேலை நடப்பது அந்த 61 நாளில்தான். தடை தொடங்கிய கையோடு சுரண்டி, பெயிண்ட் அடித்து, உடனே இறக்கித் துறைமுகத்தில் கட்டிவிடுகிறார்கள். பெயிண்ட் வீணாவது இதனால்தான்.

படகின் அடியில் முதலில் ஒட்டுவது கொட்டலசு (ஓட்டோடு ஒட்டி வளரும் சிறு கடலுயிர்) அல்ல. படகு இறங்கிய சில நிமிடங்களிலேயே கடல்நீரில் கரைந்துள்ள புரதமும் சர்க்கரையும் அடியில் மெல்லிய படலமாகப் படியும். சில மணி நேரத்தில் பாக்டீரியா வந்து உட்காரும். முதலில் தளர்வாக, பிறகு தானே பசை சுரந்து இறுக்கமாக. அடுத்து டயாட்டம் என்னும் நுண்பாசி. கைக்கு வழுக்கும் அந்தப் பழுப்புப் பூச்சு இதுதான். கொட்டலசின் குஞ்சு உணர்கொம்பால் தொட்டுத் தொட்டு இடம் பார்த்து, தலையை ஊன்றி, சிமென்ட் போலப் பசை கக்கும். பிறகு சுரண்டினால் ஓடு உடையும். அடிவட்டம் வெள்ளையாக அப்படியே நிற்கும், அல்லது பெயிண்டையும் பெயர்த்துக்கொண்டு வரும்.

இவை ஒட்டாமலிருக்க அடிப்பது செம்பு கலந்த பெயிண்ட். அதில் பல வகை, படகு ஓடும்போது நீர் உரசித் தேய்ந்து புதுச் செம்பை வெளியே காட்டுபவை. கட்டிப்போட்ட படகில் அந்தத் தேய்மானம் இல்லை. செம்புக்கு அசராத டயாட்டங்கள் அதன்மேல் போர்வை விரித்துவிடும். ஆகவே சுரண்டலையும் பிரைமரையும் முன்பே முடித்தாலும், செம்பு பெயிண்டைப் படகு இறக்கும் நாளை ஒட்டியே அடிக்க வேண்டும்.

ஆனால் அது மழைக்காலம். மரப்படகானால் பாலித்தீன் துண்டை நாலு பக்கமும் டேப் ஒட்டி ஓரிரவு விட்டுப் பாருங்கள். உள்பக்கம் வியர்த்திருந்தால் அன்று வேலை வேண்டாம், கொப்புளிக்கும். டின்னின் அடியில் செம்பு கட்டியாகக் கிடக்கும். அடிதொட்டுக் கலக்காவிட்டால் மேலே அடிப்பது வெறும் நிறம். தின்னர் ஊற்றி நீட்டினாலும் அதே கதி. இரண்டு கோட் போதும். நீர்மட்டக் கோட்டுக்கும் சுக்கானுக்கும் மூன்றாவது தேவை. கரையில் படகைத் தாங்கும் முட்டுக்கட்டை நின்ற இடத்தை, கட்டையை நகர்த்திவிட்டு அடியுங்கள். கொட்டலசு கும்பலாக முளைப்பது அந்த வெற்றிடத்தில்தான்.

எல்லாரும் ஜூலைக் கடைசிக்கு வந்தால், படகை ஏற்றி இறக்கும் சாய்தளம் தாங்காது என்பதும் உண்மை. துறைமுக நிர்வாகம் இறக்கும் தேதியை வைத்து முறை போட்டுக் கொடுக்க வேண்டும். உப்பைக் கழுவ நன்னீர்க் குழாயும், சுரண்டல் கழிவுக்கு ஒரு தொட்டியும் அங்கே தேவை. அந்தக் கழிவில் செம்பு உண்டு. கடியபட்டணத்திலும் இனயத்திலும் பாறையில் எடுக்கும் சிப்பியோ கடல்நீரை வடிகட்டி உண்டு வளர்வது.

இப்படிக்கு,
படகு அடிவேலை செய்வோர் சிலர்,
குளச்சல்.