நீச்சத்தண்ணி கேட்ட மகளுக்கு

அன்புள்ள கண்ணுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் நலம். பங்குனி பிறந்த மறுநாள் செவலை ஈன்றது, கிடேரிக் கன்று. நெற்றியில் வெள்ளைச் சுழி. சீம்பால் காய்ச்சும்போதெல்லாம் அம்மா உன் பெயரைச் சொல்லிக்கொண்டே இருந்தாள்.

மூன்று வாரத்துக்கு முன்னால் நடுராத்திரியில் நீ அனுப்பிய செய்தியை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறேன். "நீச்சத்தண்ணி, மோர் எல்லாம் இங்கே வீட்டிலேயே சுத்தமாகச் செய்ய முடியுமாப்பா? வயிற்றுக்கு நல்லதாமே, விவரமாகச் சொல்லுங்க" என்று கேட்டிருந்தாய். அதற்கப்புறம் போனே இல்லை. அம்மா கூப்பிட்டால் மீட்டிங்கில் இருப்பதாக எழுத்து வருகிறது. ஞாயிற்றுக்கிழமைகூட மீட்டிங் இருக்கிறதா கண்ணு? பழைய சோற்றுத் தண்ணீரையும் மோரையும் பற்றி விவரமாகக் கேட்டாய், அதனால் விவரமாகவே எழுதுகிறேன். தம்பியிடம் கொடுத்தால் போட்டோ எடுத்து இந்த நிமிஷமே அனுப்பிவிடுவான். வேண்டாமென்று தபாலில் போடுகிறேன்.

முதலில் தயிர். தயிர் சரியாக உறைந்தால்தான் மோர். பாலைப் பொங்கக் காய்ச்சி, சிம்மில் பத்து நிமிஷம் வைத்து ஆறவிடு. சுண்டுவிரலை விட்டால் சூடு தெரிய வேண்டும், ஆனால் விரலை எடுக்கத் தோன்றக் கூடாது. அது 40 முதல் 45 டிகிரி. அதற்கு மேல் சூடாக இருக்கும்போது உறை ஊற்றினால் உறையில் இருக்கும் உயிர் செத்துவிடும். ரொம்ப ஆறிப்போனால் அது வேலை செய்யாது. அரை லிட்டருக்கு ஒரு டீஸ்பூன் உறை போதும். உன் சமையலறை குளிர் என்றாயே, பாத்திரத்தைத் துண்டில் சுற்றி ஓவனுக்குள் வை. ஓவனைச் சூடாக்காதே, உள்ளே இருக்கும் விளக்கை மட்டும் எரியவிடு. ஏழெட்டு மணி நேரத்தில் உறைந்துவிடும். நடுவில் தட்டி ஆட்டிப் பார்க்காதே.

உறை இல்லாவிட்டால் பச்சை மிளகாய்க் காம்பைப் போட்டு உறைய வைப்பாள் அப்பத்தா. நீயும் பார்த்திருக்கிறாய். நீ அதைச் செய்ய வேண்டாம். காம்பில் நல்லது மட்டுமே ஒட்டியிருக்கும் என்று சொல்ல முடியாது. கடையில் சர்க்கரை போடாத வெறும் தயிர் ஒரு டப்பா வாங்கி, உயிருள்ள கிருமி இருப்பதாக எழுதியிருக்கிறதா என்று பார்த்து, அதையே உறையாக வை.

தயிர் உறைந்ததும் கடைய வேண்டும். அப்பத்தாவின் மத்து உன்னிடம்தானே இருக்கிறது? ஏர்போர்ட்டில் அதைப் பிரித்துக் காட்டச் சொன்னார்கள் என்றாயே, அந்த மத்துதான். கரண்டியால் கலக்கித் தண்ணீர் ஊற்றினால் அது தண்ணீர் விட்ட தயிர், மோர் ஆகாது. வெண்ணெய் திரண்டு மேலே வரும்வரை கடைந்து, எடுத்துவிட்டு, ஒரு பங்குக்கு மூன்று பங்கு தண்ணீர் ஊற்று. உப்பு, தட்டிய இஞ்சி, கறிவேப்பிலை போதும். மிளகாய் வேண்டாம். பொங்கலுக்கு வந்தபோது நீ மிளகாயைத் தொடவே இல்லை. மோரைச் சூடாக்கவும் கூடாது. மோர்க்குழம்பு ருசியாக இருக்கும், ஆனால் நீ தேடுகிற உயிர் அதில் இருக்காது. பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குக்கூட மோர் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும், பாலில் இருக்கும் சர்க்கரையில் ஒரு பங்கைக் கிருமிகள் தின்று புளிப்பாக்கிவிடுகின்றன.

பால் சொசைட்டியில் 31 வருஷம் பால் புளிக்காமல் பார்த்துக்கொள்ளத்தான் சம்பளம் வாங்கினேன். சித்திரை வெயிலில் வண்டி அரைமணி தாமதமானால் என் நெஞ்சு அடித்துக்கொள்ளும். சந்தேகமான பாலைச் சோதனைக் குழாயில் கொஞ்சம் ஊற்றி விளக்குச் சுடரில் காட்டிச் சூடாக்குவேன், உனக்கு ஞாபகம் இருக்கும். அமிலம் ஏறிய பால் குழாயின் ஓரத்தில் துளித்துளியாகத் திரிந்து நிற்கும். அந்தக் கேனைத் திருப்பி அனுப்புவேன். அதே புளிப்பை இன்றைக்கு என் பிள்ளைக்கு எப்படி உண்டாக்குவது என்று எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஈரோட்டுக்குப் பயிற்சிக்குப் போனபோது வாத்தியார் ஒருவர் சொன்னது இன்னும் நினைவில் இருக்கிறது. 1905-ல் ஸ்டாமென் கிரிகோரோவ் என்ற பல்கேரியர், தன் ஊர்த் தயிரில் வேலை செய்யும் பாக்டீரியாவை அடையாளம் காட்டினாராம். மெச்னிகோவ் என்ற ரஷ்ய விஞ்ஞானி அதைப் பிடித்துக்கொண்டு, அந்த நாட்டுக் குடியானவர்கள் நெடுநாள் வாழ்வதற்குப் புளித்த பால்தான் காரணம் என்று பேசினார். அவருக்கு 1908-ல் நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் அது தயிருக்கு இல்லை, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைப் பற்றிய ஆராய்ச்சிக்கு. அன்றைக்கு இதைப் பரீட்சைக்காக எழுதிக்கொண்டேன். இந்த இரண்டு மாதமாக அந்த எதிர்ப்புச் சக்தி என்ற வார்த்தைதான் மனசில் ஓடிக்கொண்டிருக்கிறது.

அதனால் ஒன்று சொல்ல வேண்டும். எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களும், அதை அடக்கிவைக்கிற மருந்து சாப்பிடுகிறவர்களும் வீட்டில் புளிக்கவைத்த எதையும் டாக்டரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது. மற்றவர்களுக்கு ஒன்றும் செய்யாத கிருமி அவர்களைப் படுக்கவைத்துவிடும். பொதுவாகச் சொல்கிறேன்.

இனி நீச்சத்தண்ணி. புழுங்கல் அரிசிச் சோறுதான் சரி. சோற்றை வடித்து, ஆறவைத்து, ஆறியதும் உடனே சோறு முழுக மூன்று விரல்கடைக்குத் தண்ணீர் ஊற்று. காய்ச்சி ஆறிய தண்ணீராக இருக்கட்டும். மண்சட்டி இல்லாவிட்டால் கண்ணாடி, பீங்கான் ஏதாவது. பித்தளையும் அலுமினியமும் வேண்டவே வேண்டாம், புளிப்பு ஏறினால் உலோகம் அதில் இறங்கும். நம் ஊரில் ராத்திரி ஊற்றினால் விடியும்போது தயார். உன் ஊரில் இன்னும் சில மணி நேரம் ஆகலாம். கையை விட்டுப் பிசைந்தால் சோறு வெண்ணெய்போல உடைய வேண்டும், தண்ணீர் லேசாக வெளுத்து, முகர்ந்தால் நாக்கு ஊற வேண்டும். நூல் மாதிரி இழுத்தாலோ, மேலே கறுப்பாகவோ சிவப்பாகவோ ஏதாவது தெரிந்தாலோ, யோசிக்காமல் கொட்டு. மேலே இருப்பதை மட்டும் வழித்து எடுத்துவிட்டு மிச்சத்தைக் குடிக்கலாம் என்று நினைக்காதே.

வடித்த சோற்றைத் தண்ணீர் ஊற்றாமல் வெளியே மணிக்கணக்கில் வைத்துவிட்டு, அப்புறம் ஊற்றுவதும் கூடாது. அரிசியில் இருக்கிற ஒரு வகைக் கிருமியின் வித்து கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடந்தால் முளைத்து நஞ்சை உண்டாக்கும். திரும்பச் சுடவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. நீ வேலையிலிருந்து வந்து அசதியில் குக்கரை அப்படியே விட்டுவிட்டுத் தூங்குகிறவள் என்பதால் சொல்கிறேன். சென்னை ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் பழைய சோற்றைக் குடல் நோயாளிகளுக்குப் பயன்படுமா என்று ஆராய்ச்சியே நடத்தினார்கள். அந்தச் செய்தி வந்த பேப்பரைக் கத்தரித்து வைத்திருக்கிறேன். ஆனால் அதுவும் டாக்டர்கள் பக்கத்தில் இருந்து கொடுப்பது. நீயாகத் தொடங்காதே.

கம்மங்கூழும் புளிக்கவைத்ததுதான். நல்ல கம்பு உனக்கு அங்கே கிடைக்காது, அடுத்த முறை வரும்போது பேசிக்கொள்வோம். உன் ஆபீஸ் தோழி கொம்புச்சா ஜாடி தருகிறேன் என்றாளாமே, அதைப் பற்றியும் தம்பியை விட்டுத் தேடிப் பார்க்கச் சொன்னேன். சர்க்கரை போட்ட தேநீரில் ஒரு ஆடையை மிதக்கவிட்டு, துணியால் மூடி, ஒரு வாரம் பத்து நாள் வைப்பது. அதில் கொஞ்சம் ஆல்கஹாலும் உண்டாகும். பாட்டிலில் அடைத்து மூடினால் வாயு சேர்ந்து வெடிப்பதும் உண்டு. யார் வீட்டு ஜாடி, எப்படிக் கழுவினார்கள் என்று நமக்குத் தெரியாது. அதை வாங்காதே கண்ணு. மோர் போதும். அதுவும் டாக்டரிடம் கேட்டுவிட்டு. பொதுவாகத்தான் சொல்கிறேன்.

நம் குடும்பத்தில் விமானம் ஏறிய முதல் ஆள் நீ. மாடிப்படியில் ஏறும்போதெல்லாம் இது என் மகள் சம்பாத்தியம் என்று கைப்பிடியைத் தடவிக்கொண்டுதான் ஏறுகிறேன். ஆனால் மாடி கட்டக் காசு அனுப்பத் தெரிந்த பிள்ளைக்கு, முடியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லத் தெரியவில்லையே. பொங்கலுக்கு நீ இருந்த ஒன்பது நாளும் நான் திண்ணையில்தான் படுத்தேன். ராத்திரி ஒரு மணிக்கு பாத்ரூம் விளக்கு எரிந்தது. இரண்டரைக்கு. மூன்றே முக்காலுக்கு. விடிவதற்குள் இன்னொரு தடவை. தண்ணீர் விழும் சத்தம் கேட்கக் கூடாதென்று குழாயை நூலாகத் திறந்துவைத்தாய். காலையில் கேட்டால் ஜெட்லாக் என்றாய். ஒன்பதாவது நாளும் ஜெட்லாக் என்றாய்.

நீ ஏன் சொல்லவில்லை என்று உன்மேல் கோபம் வந்தது. பஸ் ஏற்றிவிட்டுத் திரும்பி நடந்து வரும்போது, ஏன் சொல்லுவாள் என்று தோன்றியது.

ஆறாம் வகுப்புக் காலாண்டுப் பரீட்சை. மூன்று நாளாக வயிறு வலிக்கிறது என்றாய். பரீட்சை என்றால் எல்லாருக்கும்தான் வலிக்கும் என்றேன். அப்பத்தா உன்னை மடியில் போட்டுக்கொண்டு, பிள்ளைக்கு நீச்சத்தண்ணி கொடுத்துப் படுக்கவிடு என்றாள். நீ செல்லம் கொடுத்துத்தான் இவள் நடிக்கிறாள் என்று அவளையும் சத்தம் போட்டேன். ஏழேகாலுக்குப் பால் வண்டி வந்துவிடும். உன் தோளில் ஓர் அடி வைத்து, சைக்கிளில் ஏற்றினேன். புளியமரத்துக்கிட்டே இறக்கிவிடச் சொன்னாய். இறங்கி வாந்தி எடுத்தாய். என் துண்டால் உன் வாயைத் துடைத்துவிட்டு, திரும்ப ஏற்றிக்கொண்டு போய் ஸ்கூல் கேட்டில் விட்டேன். நீ அழவில்லை. அதற்கப்புறம் வயிறு வலி என்று என்னிடம் நீ சொன்னதே இல்லை. சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். பதினெட்டு வருஷம் அப்படித்தான் நினைத்திருக்கிறேன்.

ஊரில் யார் பால் கொண்டுவந்தாலும், நல்ல பால் என்று சத்தியம் பண்ணினாலும், விளக்கில் காட்டிப் பார்க்காமல் நான் நோட்டில் எழுதினதில்லை. என் பிள்ளை மூன்று நாள் சொன்னதை ஒரு நிமிஷம் உட்கார்ந்து கேட்கவில்லை. ஒரு டாக்டரிடம் காட்டவில்லை. அப்போதே காட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியாது. நான் அடித்தது தப்பு கண்ணு. நீ நடிக்கவில்லை.

அம்மாவிடம் இது எதையும் சொல்லவில்லை. உப்பு, இஞ்சி அளவெல்லாம் எழுதுகிறேன் என்று நினைத்துக்கொண்டு, மோர்மிளகாய் அனுப்பட்டுமா என்று கேட்கிறாள். வேண்டாமென்று சொல்லிவிட்டேன், சுண்டைக்காய் வற்றல் மட்டும் இருக்கட்டும் என்று.

நீ விட்டுப்போன சாமான்களை எடுத்து வைத்திருக்கிறேன். நீலச் சுடிதார் துப்பட்டா, போன் சார்ஜர், தலையணைக்கடியில் ஒரு மாத்திரை அட்டை. அட்டையில் நாலு மாத்திரை மிச்சம் இருக்கிறது. டவுனில் மருந்துக் கடைக்காரரிடம் பெயரைச் சொல்லிக் கேட்டேன், வேறு யாரிடமும் பேசவில்லை. என் பீரோவில், சொசைட்டி நோட்டுக்கடியில் இருக்கிறது. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அம்மா தூங்கிவிடுவாள், உனக்கு அப்போது சாயங்காலம். நான் திண்ணையில் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் படுக்கிறேன்.

அன்புடன்,
அப்பா