திராட்சைக்குத் தூண் நடும் முன்: எங்கள் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கரும்பை எடுத்த நிலத்தில் ஒரு மூலையில் திராட்சை போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டு, தூணும் கம்பியும் விற்கும் எங்கள் கடைக்கு வருகிறவர்கள் இப்போது அதிகமாகிவிட்டார்கள். தென்னாப்பிரிக்காவின் இந்தக் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் டோங்காட், ஸ்டேங்கர் பக்கமிருந்து வருகிறார்கள். ஹோவிக் தாண்டி மிட்லண்ட்ஸ் மேட்டில் நிலம் வைத்திருப்பவர்களும் வருகிறார்கள். பெரும்பாலும் தாத்தா காலத்து நிலம். பிள்ளைகள் டர்பனிலோ ஜோஹன்னஸ்பர்க்கிலோ வேலையில் இருக்கிறார்கள், நிலம் சும்மா கிடக்கக் கூடாது என்பது பெரியவர்களின் ஆசை. அந்த ஆசை நிறைவேற வேண்டும் என்றுதான் நாங்களும் நினைக்கிறோம். கல்லாப் பக்கம் நின்றபடி ஐந்து நிமிடத்தில் பேசி முடிக்கிற விஷயம் இல்லை என்பதால் இதை எழுதுகிறோம்.

பலர் போனில் ஒரு படத்தைக் காட்டி "இதே மாதிரி வேண்டும்" என்கிறார்கள். அது கேப் பக்கத்து ஸ்டெல்லன்போஷ் தோட்டமாக இருக்கும், இல்லையென்றால் தமிழ்நாட்டில் தேனி மாவட்டத்துக் கம்பம் பள்ளத்தாக்கில் உறவினர் போட்டிருக்கும் பந்தலாக இருக்கும். இரண்டும் அருமையான தோட்டங்கள்தான். ஆனால் இரண்டின் மழையும் நம் மழை இல்லை.

கேப் பக்கம் மழை குளிர்காலத்தில் பெய்கிறது. அப்போது கொடி இலையெல்லாம் உதிர்த்துவிட்டு உறக்கத்தில் இருக்கும். பழம் பழுக்கிற கோடை மாதங்கள் அங்கே காய்ந்து கிடக்கும். நம் குவாசுலு-நட்டாலில் அது தலைகீழ். செப்டம்பரில் துளிர்விட்ட கொடிக்கு அக்டோபரிலேயே மழை பிடித்துக்கொள்ளும், மார்ச் வரை விடாது. பூவும் காயும் பழமும் ஈரத்திலேயே நடக்கின்றன. அடிச்சாம்பல் நோய், சாம்பல் நோய், குலை அழுகல் மூன்றுக்கும் அது கொண்டாட்டம். ஆகவே நம்மூரில் தூணும் கம்பியும் கொடியைத் தாங்கி நிறுத்தினால் மட்டும் போதாது. மழை விட்ட ஒரு மணி நேரத்தில் இலை காய வேண்டும். வரிசை எந்தத் திசை, கம்பி எந்த உயரம், இடைவெளி எத்தனை என்று எதைத் தீர்மானித்தாலும் இந்த ஒன்றை மனதில் வைத்தே தீர்மானியுங்கள்.

பந்தலைப் பற்றிச் சொல்லிவிடுகிறோம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, நமக்கெல்லாம் பெருமை. அங்கே கல்தூண் நட்டு, மேலே கம்பி வலை பின்னி, கொடியைக் கூரைபோலப் படரவிடுகிறார்கள். வெயில் கடுமையான அந்த ஊருக்கு, கவாத்து செய்து ஆண்டுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட அறுவடை எடுக்கிற அந்த முறைக்கு, அது பொருந்துகிறது. இங்கே ஜனவரி மழையில் அப்படி ஒரு கூரை போட்டால் அடியில் காற்றே புகாது. மருந்து அடிப்பதும் தலைக்கு மேலே அண்ணாந்து அடிக்க வேண்டும், பாதி நம் முகத்தில்தான் விழும். வீட்டு வாசலில் நிழலுக்கு ஒரு பந்தல் போட்டு அதில் கட்டாபா திராட்சையைப் படரவிடுங்கள், அந்த ரகம் ஈரத்தைத் தாங்கும், பேரப்பிள்ளைகள் பறித்துத் தின்பார்கள். வயலுக்கு மட்டும் பந்தல் வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நேராக நிற்கிற கம்பி வேலி முறையே இங்கே நல்லது.

திசைக்கு வருவோம். சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்து போகிறது. வரிசையைக் கிழக்கு மேற்காக ஓடவிட்டால் தெற்குப் பக்கத்து இலை நிழலிலேயே கிடந்து ஈரம் காயாது. வடக்கு தெற்காக ஓடவிட்டால் காலை வெயில் ஒரு பக்கமும் மாலை வெயில் மறுபக்கமும் படும். காலை வெயில்தான் பனியைக் காய வைப்பது. குலையைச் சுற்றி இலை கிள்ளும்போதும் கிழக்குப் பக்கம் மட்டும் கிள்ளுங்கள். மேற்குப் பக்கம் திறந்துவிட்டால் மாலை வெயில் பழத்தைச் சுட்டுவிடும். நிலம் நல்ல சரிவாக இருந்தால் மட்டும் இந்த விதியைத் தளர்த்தலாம். அங்கே மண் அரிப்புதான் முதல் கவலை. வரிசை சரிவுக்குக் குறுக்கே போகட்டும், திசையில் கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். பள்ளமான அடிவாரத்தை விட்டுவிடுங்கள், மிட்லண்ட்ஸில் உறைபனி இறங்கித் தங்குவது அங்கேதான்.

இனி கணக்கு. 50 மீட்டருக்கு 40 மீட்டர் என்று ஒரு துண்டு நிலத்தை எடுத்துக்கொள்வோம். வரிசைக்கு வரிசை 2.5 மீட்டர் விட்டு, இரண்டு ஓரத்திலும் அதே அளவு ஒதுக்கினால் 15 வரிசை வரும். தூணுக்குத் தூண் 6 மீட்டர், அதற்குள் 1.5 மீட்டருக்கு ஒன்றாக நான்கு கொடி. தாளில் போட்டுப் பார்க்கிறவர்கள் வரிசையை 42 மீட்டர் நீளத்துக்கு இழுத்து, இரு முனையிலும் 4 மீட்டர் விட்டு, 420 கொடி என்று சந்தோஷமாக எழுதிக்கொண்டு வருகிறார்கள். முனைத்தூணை இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி அந்த 4 மீட்டரில் 1.2 மீட்டரைத் தின்றுவிடும். மிச்சத்தில் டிராக்டர் திரும்பாது. திரும்ப முயன்றால் முதலில் அறுவது அந்த ஸ்டே கம்பிதான். எனவே ஒரு கண்ணியை, அதாவது இரு தூணுக்கு இடைப்பட்ட 6 மீட்டரை, குறைத்து வரிசையை 36 மீட்டராக வையுங்கள். இரு முனையிலும் 7 மீட்டர் கிடைக்கும். கொடி 360 ஆகக் குறையும், ஆனால் இருபது வருடம் நிம்மதியாக வண்டி ஓட்டலாம். இந்தக் கணக்கில் முனைத்தூண் 30, இடைத்தூண் 75.

எங்களிடம் வாங்குகிறவர்கள் மிச்சம் பிடிக்க நினைப்பது முனைத்தூணில்தான். இடைத்தூண் அளவிலேயே முனைக்கும் போடலாமே என்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இடைத்தூண் தாங்குவது பாரம். முனைத்தூண் தாங்குவது இழுப்பு. ஒரு வரிசையில் உள்ள அத்தனை கம்பியின் இறுக்கமும், பிப்ரவரியில் பழமும் நனைந்த இலையும் சேர்ந்த கனமும், புயல் காற்றின் தள்ளலும் கடைசியில் வந்து சேருவது அந்த இரண்டு தூணில். இடைத்தூண் ஒன்று சாய்ந்தால் ஒருவர் போய் நிமிர்த்திவிடலாம். முனைத்தூண் சாய்ந்தால் வரிசை முழுவதும் தளர்ந்து தரையைத் தொடும், அதுவும் பழம் நிற்கிற நேரத்தில்.

இடைத்தூணுக்கு 2.4 மீட்டர் நீளம், 75 முதல் 100 மில்லிமீட்டர் கனம் போதும். 60 சென்டிமீட்டர் மண்ணுக்குள் போனால் 1.8 மீட்டர் மேலே நிற்கும். முனைத்தூண் 125 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது, நீளமும் கூடுதலாக வாங்கி 90 சென்டிமீட்டர் புதையுங்கள். வரிசைக்கு வெளிப்பக்கமாக 20 பாகை சாய்த்து நட்டு, 1.2 மீட்டர் தள்ளி ஒரு மீட்டர் ஆழத்தில் ஒரு கான்கிரீட் கட்டையைப் புதைத்து அதோடு ஸ்டே கம்பியைக் கட்டுங்கள். டோங்காட் பக்கத்துச் சிவப்பு மணலுக்கு இன்னும் ஆழம் வேண்டும். நல்ல மழை பெய்த மறுநாள் கடப்பாரையைக் குத்திப் பாருங்கள். எந்த ஆழத்தில் அது பிடிப்பு கொள்கிறதோ, தூணின் அடியும் அங்கே போய்ச் சேர வேண்டும்.

மரத்தூண் வாங்கும்போது ஹெச் 4 என்ற முத்திரையைப் பாருங்கள். மண்ணில் நடுவதற்கென்று மருந்தேற்றிய தூண் அது. ஹெச் 3 மண்ணுக்கு மேலே நிற்பதற்கு மட்டும். நீர் தேங்கும் இடமென்றால் ஹெச் 5. தூணை அறுக்க நேர்ந்தால் அறுத்த முனை மேலே இருக்கட்டும். மருந்து உள்ளே முழுவதும் ஏறியிருக்காது, அறுத்த முனையை மண்ணில் புதைத்தால் கரையானுக்கு வாசல் திறந்துவிட்ட கதைதான்.

மீந்த துண்டுகளை எரிக்கவே கூடாது. இதை எத்தனை முறை சொன்னாலும் எங்களுக்குப் போதாது. அந்தப் பச்சை நிற மருந்தில் செம்பும் குரோமியமும் ஆர்சனிக்கும் இருக்கின்றன. இறைச்சி சுடும் பிராய் அடுப்பிலும் சரி, பொங்கல் அடுப்பிலும் சரி, கோயில் தீமிதிக் குழியிலும் சரி, அந்தக் கட்டை ஒன்றுகூடப் போகக் கூடாது. புகையும் சாம்பலும் இரண்டுமே நஞ்சு.

பக்கத்தில் கரும்பு வயல் இருப்பவர்கள் நெருப்பையும் கணக்கில் எடுக்க வேண்டும். வெட்டுக்கு முன் கரும்பைக் கொளுத்தும்போது தீ உங்கள் வரிசைக்குள் ஓடினால், இந்த மருந்துத் தூண் சுடர் அணைந்த பிறகும் உள்ளுக்குள் கனன்றுகொண்டே இருந்து மறுநாள் விழும். வெறும் மண்ணாக ஒரு தடுப்புப் பட்டை விடுங்கள், குளிர்காலத்தில் தூணடிப் புல்லைச் செதுக்குங்கள். எல்லையை ஒட்டிய வரிசைக்கு மட்டும் இரும்புத் தூண் போட்டாலும் நல்லதுதான். கரும்புக்கு அடிக்கிற 2,4-டி களைக்கொல்லிக்கும் திராட்சை தாங்காது. காற்றில் லேசாக வந்தாலே இலை விசிறிபோல் சுருங்கிவிடும். தூண் நடும் முன் பக்கத்து வயல்காரரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள்.

கம்பி உயரம்: கொடியின் கை படரும் முதல் கம்பி தரையிலிருந்து 90 சென்டிமீட்டர். வறண்ட ஊரில் 75 போதும், இங்கே மழைத்துளி மண்ணைத் தெறிக்கவைத்து நோயை மேலே ஏற்றும் என்பதால் கொஞ்சம் தூக்கிப் போடுகிறோம். இலை பிடிக்கும் இரட்டைக் கம்பி 1.25 மீட்டரில் ஒரு ஜோடி, 1.65-இல் ஒரு ஜோடி. கீழ்க்கம்பி 2.5 மில்லிமீட்டர், துத்தநாகம் பூசியது; ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய 26 மீட்டர் வரும். மேலே 2 மில்லிமீட்டர் போதும், கிலோவுக்கு 40 மீட்டர். மேலே சொன்ன நிலத்துக்குக் கீழ்க்கம்பி 540 மீட்டர், அதாவது 21 கிலோ. மேல்கம்பி 2,160 மீட்டர், 54 கிலோ. முடிச்சுக்கும் ஸ்டேக்கும் பத்தில் ஒரு பங்கு கூட்டிக்கொள்ளுங்கள்.

யு ஆணி அடிக்கும்போது கவனியுங்கள். இடைத்தூணில் ஆணியை முழுக்க அடித்து இறக்கக் கூடாது. கம்பி ஆணிக்குள் தாராளமாக நழுவ வேண்டும், அப்போதுதான் முனையில் கம்பியை இறுக்கும் ராட்செட்டைத் திருகினால் முழு வரிசையும் ஒரே சீராக இறுகும். ஆணியின் இரு காலும் மரத்தின் ஒரே நார்க்கோட்டில் இறங்கினால் தூண் பிளக்கும், ஆகவே கொஞ்சம் சரித்து அடியுங்கள். கம்பி தூணின் எந்தப் பக்கம் என்று கேட்பார்கள். காற்று வரும் பக்கம். காற்று தள்ளும்போது கம்பி தூணில் சாயும், ஆணியைப் பிடுங்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் வாங்க வேண்டாம். கொடி நடுகிற ஆகஸ்டுக்குள் தூணும் கீழ்க்கம்பியும் இருந்தால் போதும். மேல்கம்பி அடுத்த குளிர்காலத்தில். ஆலங்கட்டி மழைக்கு வலை போடும் எண்ணம் இருந்தால் மட்டும் இப்போதே நீளமான தூணாக வாங்கிவிடுங்கள், பின்னால் ஒட்டுப்போட முடியாது. வலை மைனாவைத் தடுக்கும். குரங்கைத் தடுக்காது, அதற்கு மின்வேலி வேண்டும்.

கொடி எங்களிடம் இல்லை. நல்ல நர்சரியில் ஒரு வருடம் முன்பே சொல்லிவைத்து ஒட்டுக்கொடியாக வாங்குங்கள். 1886-இல் கேப்பில் ஃபில்லாக்சரா வேர்ப்பூச்சி கண்டுபிடிக்கப்பட்ட பிறகு அங்கே ஒட்டுக்கட்டாத கொடியை நம்புவதில்லை. இந்தியாவில் உள்ள ஊரிலிருந்து பெட்டியில் நடுகுச்சி கொண்டுவரவும் வேண்டாம், அது சட்டத்துக்கும் விரோதம், நோயும் கூடவே வரும். நிலம் பத்து வருடமாக உழாமல் கிடந்ததா? அப்படியானால் 1983-ஆம் ஆண்டின் விவசாய வளப் பாதுகாப்புச் சட்டப்படி அது புது நிலம். ஏர் பூட்டும் முன் வேளாண் துறையின் அனுமதி வாங்க வேண்டும்.

உங்கள் துண்டு எத்தனை பெரியதாக இருந்தாலும் முதல் வருடம் மூன்று வரிசை மட்டும் நடுங்கள். 36 மீட்டர் வரிசையென்றால் 72 கொடி. ஒரு குடும்பம் வார இறுதியில் கவாத்து செய்து, கட்டி, மருந்தடித்துச் சமாளிக்கக்கூடியது அவ்வளவுதான். இரண்டு மழைக்காலத்தில் உங்கள் மண்ணும் காற்றும் எப்படி என்று தெரிந்துவிடும், மீதியை அதைப் பார்த்து நடலாம். எங்களுக்கு விற்பனை குறையும்தான். பாதியில் கைவிட்ட தோட்டத்தைவிட அது எங்களுக்கு மேல்.

கடைக்கு வரும்போது நிலத்தின் நீள அகலம், வடக்கு எந்தப் பக்கம், சரிவு எந்தப் பக்கம், வண்டி எங்கே திரும்பும் என்று ஒரு தாளில் கோடு போட்டு எடுத்து வாருங்கள். கையால் வரைந்தாலே போதும். உட்கார்ந்து தூண் கணக்கும் கம்பி கணக்கும் எழுதித் தருகிறோம், அதற்குக் கட்டணம் கிடையாது, எங்களிடம்தான் வாங்க வேண்டும் என்ற கட்டாயமும் கிடையாது.

அன்புடன்,
கடை நிர்வாகத்தார்,
பீட்டர்மாரிட்ஸ்பர்க்