இன்ஹேலர்களை விலையால் மட்டும் ஒப்பிட வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சி.ஓ.பி.டி. எனப்படும் நாட்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான இன்ஹேலர் மருந்துகளின் பெயர்களையும் விலைகளையும் தங்கள் மருத்துவப் பக்கக் கட்டுரை வரிசைப்படுத்தித் தந்திருந்தது பயனுள்ளதே. ஆனால் எந்த மருந்து எந்த வேலைக்கு என்பதைச் சொல்லாமல் விலையை மட்டும் காட்டினால், எல்லாம் ஒன்றுதான் என்று வாசகர் நினைத்துவிடக்கூடும். அந்த நினைப்பால் எங்கள் வீட்டில் நேர்ந்ததைச் சொல்லவே இதை எழுதுகிறேன்.

சோழவந்தானில் வசிக்கும் என் தாயாருக்கு வயது 71. புகைப்பழக்கம் என்பதே அவருக்குக் கிடையாது. விறகடுப்பின் முன்னும் நெல் அவிக்கும் கொப்பரையின் முன்னும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் நின்றதே அவருடைய நுரையீரலைக் கெடுத்தது. தினமும் காலையில் ஒருமுறை இழுக்க டியோட்ரோபியம் காப்ஸ்யூலும், திணறும்போது மட்டும் அடித்துக்கொள்ள சால்பியூட்டமால் ஸ்பிரேயும் மருத்துவர் எழுதித் தந்திருந்தார். கடந்த ஐப்பசி அடைமழையில் அந்தக் காப்ஸ்யூல் கிடைக்கவில்லை. "இதுவும் அதே இழுப்பு மருந்துதாம்மா, விலையும் குறைவு" என்று ஒரு மருந்துக் கடையில் வேறொன்றைக் கொடுத்தார்கள். அது ஃபார்மோடெரால், பியூடெசோனைடு இரண்டும் சேர்ந்த காப்ஸ்யூல்.

டியோட்ரோபியம் ஒருமுறை இழுத்தால் 24 மணி நேரம் மூச்சுக்குழாயை விரித்து வைக்கும். ஃபார்மோடெராலின் பலனோ சுமார் 12 மணி நேரம்தான். அம்மாவோ பழைய பழக்கப்படி காலையில் ஒருமுறை மட்டும் இழுத்துவிட்டு இரவெல்லாம் திணறினார். திணறலுக்குச் சால்பியூட்டமாலை நாளைக்குப் பத்து முறை வரை அடித்ததில், காப்பி டம்ளரைப் பிடிக்க முடியாத அளவுக்குக் கை நடுங்கியது. சில நிமிடங்களில் வேலை செய்து நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் பலன் தீர்ந்துபோகும் அவசர மருந்து அது. அதை அடிக்கடி தேட வேண்டியிருப்பதே நோய் கட்டுக்குள் இல்லை என்பதற்கு அடையாளம். பியூடெசோனைடு ஸ்டீராய்டு வகை என்பதால், ஒவ்வொரு முறை இழுத்த பிறகும் வாயைக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். அதைக் கடையில் யாரும் சொல்லவில்லை. மூன்று வாரத்தில் நாக்கெல்லாம் வெள்ளை படர்ந்து, ரசம் சோறுகூட எரிகிறது என்று ஒதுக்கிவிட்டார்.

ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு இன்ஹேலரே அடிப்படை மருந்து. சி.ஓ.பி.டி.க்கு அப்படியல்ல, நீண்ட நேரம் வேலை செய்யும் மூச்சுக்குழல் விரிப்பான்களே இங்கு முதலில் வருகின்றன. இந்நோயாளிகளில் ஸ்டீராய்டு சேர்ந்த மருந்தை இழுத்தவர்களுக்கு நிமோனியா கூடுதலாக வந்ததை 2007இல் வெளியான 'டார்ச்' ஆய்வு காட்டியது. இருவகை விரிப்பான்கள் சேர்ந்த மருந்து, ஸ்டீராய்டும் ஒரு விரிப்பானும் சேர்ந்த மருந்தைவிட நோய் திடீரெனத் தீவிரமாகும் தருணங்களைக் குறைத்ததை 2016இல் வந்த 'ஃபிளேம்' ஆய்வு காட்டியது. இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்டீராய்டு இன்ஹேலரைத் தாமாக நிறுத்திவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். அடிக்கடி நோய் தீவிரமாகி, ரத்தத்தில் இயோசினோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஒரு மைக்ரோலிட்டருக்கு 300க்குக் குறையாமல் இருப்பவர்களுக்கு அது நன்றாகவே பலன் தருகிறது. அதேபோல, கண் அழுத்த நோயோ புராஸ்டேட் வீக்கமோ உள்ளவர்களுக்கு டியோட்ரோபியத்தை எச்சரிக்கையோடுதான் தருவார்கள். யாருக்கு எது என்பதை மருத்துவர்தான் தீர்மானிக்க வேண்டுமே தவிர, கடையின் இருப்பு தீர்மானிக்கக் கூடாது.

மருந்தைவிடக் கருவியில்தான் எங்கள் கவனம் அதிகம் தவறியிருந்தது. காப்ஸ்யூல் தூளை வேகமாகவும் ஆழமாகவும் இழுக்க வேண்டும். ஸ்பிரேயை அழுத்தியபடி மெதுவாக உள்ளிழுக்க வேண்டும். இரண்டும் நேர் எதிர். மறுபடி மருத்துவமனைக்குப் போனபோது செவிலியர் ஒருவர், "எப்படி இழுக்குறீங்க, செஞ்சு காட்டுங்கம்மா" என்றார். அம்மா கருவியை வாயில் வைத்து முதலில் அதற்குள்ளேயே ஊதினார், பிறகு லேசாக உறிஞ்சினார். திறந்து பார்த்தால் துளையிட்ட காப்ஸ்யூலில் பாதித் தூள் அப்படியே இருந்தது. உள்ளே காப்ஸ்யூல் சுழன்று படபடக்கும் சத்தம் கேட்கும்படி இழுக்க வேண்டும் என்று அவர் பக்கத்தில் உட்கார்ந்து பழக்கினார். ஸ்பிரேக்கும் வாய்க்கும் நடுவே பொருத்தும் ஸ்பேசர் குழாய் வாங்கச் சொன்னார். பழைய மருந்துக்கே திரும்பி, இந்த இரண்டையும் செய்த பிறகு அம்மா இரவில் படுத்துத் தூங்குகிறார்.

மதுரை அரசு இராசாசி மருத்துவமனையிலும், தோப்பூர் நெஞ்சக மருத்துவமனையிலும், கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இன்ஹேலர் தரும்போது, பெட்டியின் மேல் 'தினசரி' அல்லது 'அவசரத்துக்கு மட்டும்' என்று தமிழில் எழுதித் தர வேண்டும். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் வீடு தேடி மாத்திரை கொண்டுவரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர்கள், நோயாளி இன்ஹேலர் இழுப்பதை ஒருமுறை பார்த்துத் திருத்தவும் பயிற்சி பெற வேண்டும். தாங்களும் அடுத்த மருத்துவப் பக்கத்தில் காப்ஸ்யூல் கருவி, ஸ்பிரே, ஸ்பேசர் மூன்றையும் பயன்படுத்தும் முறையைப் பெரிய படங்களாக வெளியிட்டால், கத்தரித்து அம்மாவின் மருந்து அலமாரியில் ஒட்டிவைக்க நான் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட கால வாசகி,
சோழவந்தான், மதுரை மாவட்டம்.