எலிப்பொறியின் கொக்கி: சண்முகத்துக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதமும் கூடவே வைத்திருந்த வரைபடமும் கிடைத்தன. பட்டறைக்குப் புது லேத் வந்ததில் எனக்கும் சந்தோஷம். மன்னார்குடிப் பக்கம் நெல் குடோன்களுக்கு எலிப்பொறி செய்து தரப் போகிறாய் என்பது அதைவிட நல்ல செய்தி. விஷம் வைத்தால் எலி மூட்டை இடுக்கில் செத்து நாறும், அதைத் தின்னும் ஆந்தையும் பூனையும் சேர்ந்து சாகும். பசை அட்டையில் ஒட்டிக்கொண்ட எலி மணிக்கணக்காகத் துடிக்கும். ஒரே அடியில் முடிக்கிற பொறிதான் எனக்குச் சம்மதம். அந்த அடி தவறாமல் விழ வேண்டும் என்பதால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

நீ போட்டிருக்கும் அமைப்பு நூறு வருஷத்துக்கு மேல் ஓடிய அமைப்பு. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்து வில்லியம் ஹூக்கர் 1894-இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். சில வருஷங்களில் இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் ஜேம்ஸ் ஹென்றி அட்கின்சன் தம் 'லிட்டில் நிப்பர்' பொறியைக் கொண்டுவந்தார். பலகை, சுருள் ஸ்பிரிங், அடிகம்பி, அதை அமுக்கிப் பிடிக்கும் பிடிகம்பி, தீனி வைக்கும் மிதிதட்டு, அவ்வளவுதான். உருப்படி குறைவு என்பதால் அளவுகளில்தான் எல்லாம் இருக்கிறது.

முதலில் ஸ்பிரிங். பெருச்சாளிக்கும் தாங்கட்டும் என்று 3 மி.மீ. கம்பி போட்டிருக்கிறாய். அதை மாற்று. 2 மி.மீ. பியானோ கம்பி (ஸ்பிரிங் செய்யும் கடின எஃகுக் கம்பி), சுருளின் சராசரி விட்டம் 16 மி.மீ., பக்கத்துக்கு 12 சுற்று என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பொறி மூடிய நிலையில் 60 பாகை முறுக்கு, திறக்க இன்னும் 180 பாகை. வளைவுத் தகைவு, அதாவது வளையும்போது கம்பிக்குள் ஏறும் அழுத்தம், சுமார் 1,400 மெகாபாஸ்கல் வருகிறது, சுருளின் வளைவுக்கான திருத்தம் சேர்த்தால் 1,530. இந்தக் கம்பியின் இழுவலிமை, அதாவது அறுந்துபோகும் எல்லை, சுமார் 2,000 என்பதால் தாங்கும். அதே விட்டத்தில், அதே சுற்றில் கம்பியை மட்டும் 3 மி.மீ. ஆக்கினால் தகைவு ஒன்றரை மடங்காகி இழுவலிமையையே தாண்டிவிடும். முதல் தடவை திறக்கும்போதே ஸ்பிரிங் நிரந்தரமாகத் தளர்ந்து உட்காரும், இல்லையென்றால் முறியும். முறுக்குவிசையோ கம்பி விட்டத்தின் நாலாம் அடுக்கில் ஏறுகிறது. 2-இலிருந்து 3-க்குப் போனால் ஐந்து மடங்கு.

2 மி.மீ. கம்பியில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஏறக்குறைய 4.3 ஜூல் கிடைக்கும். அடிகம்பியின் கை 70 மி.மீ. என்றால் திறந்த நிலையில் அதன் நுனியில் 3.2 கிலோ விசை நிற்கும், மூடும்போது 0.8 கிலோ. 3 மி.மீ. உருண்டைக் கம்பியில் அடிகம்பி செய்தால், உராய்வை விட்டுவிட்டுப் பார்க்கும்போது, 10 மில்லிவினாடியில் மூடும். 4 மி.மீ. போட்டால் 13-14 மில்லிவினாடி ஆகும், அடியின் உந்தமும் மூன்றில் ஒரு பங்கு கூடும். குடோனில் வருவது பெரும்பாலும் வீட்டெலி, எடை 100 முதல் 200 கிராம். அதற்கு 4 மி.மீ.யே சரி. பெருச்சாளிக்குத் தனிப் பொறி செய். ஒரே பொறியில் இரண்டையும் பிடிக்கப் பார்த்தால் இரண்டும் தப்பும்.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். பொறி எலியைப் பிடிக்குமா என்பதைக் கொக்கிதான் முடிவு செய்கிறது. பிடிகம்பியின் கீல் பலகையின் பின்விளிம்பில் இருக்கிறது. அங்கிருந்து 10 மி.மீ. தள்ளி அது அடிகம்பியை அமுக்குகிறது, 80 மி.மீ. தள்ளி மிதிதட்டின் கொக்கியில் நுழைகிறது. 3.2 கிலோ எட்டில் ஒரு பங்காகக் குறைந்து கொக்கியில் 400 கிராம் நிற்கும். வழவழப்பான எஃகுக்கு உராய்வு 0.2 என்று எடுத்தால் நழுவ 80 கிராம் வேண்டும். கொக்கி மிதிதட்டின் கீலிலிருந்து 5 மி.மீ., தீனி 25 மி.மீ. என்றால் எலி கொடுக்க வேண்டியது 16 கிராம்தான். அருமையான அளவு. இதே இடத்தில் 3 மி.மீ. ஸ்பிரிங்கை வைத்தால் 80 கிராம் கேட்கும். எலி தீனியை நக்கித் தின்றுவிட்டுப் போய்விடும். ஸ்பிரிங் பலமானால் பொறி மந்தமாகும் என்று நான் சொல்வது இதைத்தான்.

துரு ஏறினாலும் இதே கதி. உராய்வு 0.5 ஆனால் 16 கிராம் 40 ஆகிவிடும். அதனால் கொக்கி தொடும் இரண்டு இடங்களையும் நைஸ் உப்புத்தாளில் தேய்த்து மெருகேற்று. எண்ணெய் போடாதே, உமித்தூசி ஒட்டிப் பசையாகும். கொக்கிக்குள் பிடிகம்பி நுழையும் ஆழம் 1 மி.மீ. இருக்கட்டும். 2 மி.மீ. ஆனால் மிதிதட்டு நிறைய நகர வேண்டியிருக்கும். அரை மி.மீ.க்குக் கீழே போனால் வாசலில் லாரி வந்து நின்றாலே விழும். கொக்கியின் முகம் பின்பக்கம் சாய்ந்தால் நழுவும்போது பிடிகம்பியை ஸ்பிரிங்குக்கு எதிராக அழுத்தித் தள்ள வேண்டிவரும், எலி கொடுக்க வேண்டிய எடை திடீரென்று கூடும். உன் வரைபடத்தில் அந்தச் சாய்வு இருக்கிறது. நேர்முகமாக்கு.

இதைச் சோதிக்கக் கருவி எதுவும் வாங்க வேண்டாம். பொறியை மேசை விளிம்பில் கிளாம்ப் போட்டு, மிதிதட்டில் தீனி வைக்கும் இடத்திலிருந்து நூலில் ஒரு பிளாஸ்டிக் கப் தொங்கவிடு. ஊசி போடும் சிரிஞ்சால் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக விடு. விழும்போது எத்தனை மில்லியோ அத்தனை கிராம், கப்பின் எடையையும் கூட்டிக்கொள். ஒவ்வொரு பொறியிலும் பத்துத் தடவை செய். சராசரி 16 வந்து, ஒரு தடவை 9, ஒரு தடவை 30 என்று சிதறினால் அது தேறாத பொறி. மிதிதட்டின் கீல் ஆடுகிறதா, கொக்கியில் பிசிர் இருக்கிறதா என்று பார்.

ஸ்பிரிங் சுற்றும்போது இடது வலது ஜோடியாகச் சுற்று. பொறியைத் திறக்கும்போது சுருள் இறுக வேண்டும், விரியக் கூடாது. இறுகும்போது சுருள் நீளத்தில் சுமார் 1.3 மி.மீ. வளரும். ஆணிகளுக்கு நடுவில் அந்த இடம் விடாவிட்டால் உரசி வேகம் போகும். சுற்றிய பிறகு 230 டிகிரியில் அரை மணி சூடு காட்டு. துத்தநாக முலாம் போடக் கொடுத்தால் முலாம் முடிந்த சில மணி நேரத்துக்குள் 200 டிகிரி அளவில் பல மணி நேரம் மறுபடி சுட வேண்டும். அதை விட்டுவிட்டால் அமிலத்தில் ஏறிய ஹைட்ரஜன் கம்பியை நொறுங்கவைக்கும். திறந்துவைத்த பொறி மறுநாள் தானாகவே வளைவில் முறிந்து கிடக்கும். முலாம் போடுகிறவரிடம் இதை நேரில் சொல்லிவிடு.

பலகைக்கு மாமரப் பெட்டிக்கட்டை வேண்டாம். மழையில் ஊதி, காய்ந்ததும் ஆணி கழன்றுவிடும். 12 மி.மீ. வாட்டர்ப்ரூஃப் பிளைவுட் போட்டு, ஆணியைப் பின்பக்கம் மடித்து அடி. ஒரு மூலையில் துளையிட்டுக் கம்பி கட்ட வசதி செய். அரைகுறையாகச் சிக்கிய எலி பொறியையே இழுத்துக்கொண்டு போகும்.

வயலுக்கும் செய்யலாமா என்று கேட்டிருந்தாய். வயலுக்கு உங்கள் ஊர்த் தஞ்சாவூர் கிட்டியே, அந்த மூங்கில் வில் பொறியே, போதும். ஹெக்டேருக்கு 100 என்று வேளாண் துறையினர் சொல்வது அதைத்தான், அத்தனை இரும்புப் பொறியை எந்த விவசாயியும் வாங்க மாட்டார். அதைச் செய்கிற பெரியவர்களிடம் கற்றுக்கொள். நான் சேர்த்துச் சொல்ல இரண்டு விஷயம் உண்டு. மூங்கிலின் தோல் பக்கம் வில்லின் வெளிப்புறமாக, இழுபடும் பக்கத்தில் இருக்கட்டும், வலுவான நார் அங்கேதான் நெருக்கமாக இருக்கிறது. நன்றாக வளையும் இடத்தில் கணு வராமல் பார்த்துக்கொள். மூங்கில் வளைத்தபடியே கிடந்தால் தளர்ந்துவிடும். சாயங்காலம் பூட்டி, விடிந்ததும் அவிழ்த்துவிடச் சொல்.

குடோன்காரர்களிடமும் ஒன்று சொல்லியாக வேண்டும். வீட்டெலிக்குப் புதுப் பொருள் என்றால் பயம். பொறியைப் பூட்டாமல், தீனியோடு மூன்று நான்கு நாள் சும்மா வைக்கச் சொல். சுவருக்குக் குறுக்காக, மிதிதட்டு சுவரைத் தொடும்படி வைக்க வேண்டும். தீனி பட்டாணி அளவு போதும். தேங்காய்த் துண்டோ கருவாடோ மிதிதட்டில் நூலால் கட்டியிருக்கட்டும், பிடுங்கும்போதுதான் கொக்கி நழுவும். செத்த எலியைக் கையுறை இல்லாமல் தொட வேண்டாம், எலிக்காய்ச்சல் சிறுநீரில் பரவுவது.

முதல் ஆறு பொறியைச் செய்ததும் தண்ணீர்ச் சோதனையில் வந்த எண்களை அப்படியே எழுதி அனுப்பு. கொக்கியை இன்னும் எவ்வளவு தேய்க்க வேண்டும் என்பதை அதைப் பார்த்துச் சொல்கிறேன். வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ராமு