செயின்சா பாகங்களைக் கிட்டாகப் போட்டு விற்பவர்களுக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம்.

மரம் அறுக்கும் செயின்சா ஒன்றுக்கு வேண்டிய அத்தனை பாகத்தையும் ஒரே பெட்டியில் போட்டு, "நீங்களே பூட்டிக்கொள்ளுங்கள்" என்று விற்கிறீர்கள். ஸ்டில் 660, ஹஸ்க்வர்னா 372 என்று பல வருடம் காட்டில் உழைத்துப் பேரெடுத்த மாடல்களின் அளவுக்குச் செய்த பாகங்கள். அசல் மெஷின் வாங்க வசதியில்லாதவர் கைக்கும் 91.6 சிசி இன்ஜின் வந்து சேருகிறது. இந்த வியாபாரத்தை நிறுத்தச் சொல்லி நான் எழுதவில்லை. இது நல்லபடியாகத் தொடர வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான்.

54 மி.மீ. பிஸ்டனை, அதைச் சுற்றியுள்ள ரிங்கை விரலால் அழுத்திப் பிடித்தபடி சிலிண்டருக்குள் ஏற்றிய ஒருவருக்கு அதன் பிறகு அந்த மெஷினின் சத்தமே வேறு மாதிரி கேட்கும். ஐட்லிங் ஏறி இறங்கினால் எங்கோ காற்று புகுகிறது என்று சந்தேகம் வரும். செயினுக்கு ஆயில் வரவில்லை என்றால் எந்தப் பல்சக்கரத்தைப் பார்க்க வேண்டும் என்று தெரியும். கடையில் முழு மெஷினாக வாங்குகிறவருக்கு லேசில் வராத அறிவு இது. அதைக் கொடுப்பது உங்கள் பெட்டிதான்.

ஆனால் பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு தாள்கூட இல்லை. திருகுகள் பெரும்பாலும் ஒரே பையில் கலந்து கிடக்கின்றன. 5 மி.மீ. திருகிலேயே நீளம் பல விதம். மக்னீசியத்தில் இறங்க ஒரு மரை, பிளாஸ்டிக்கில் இறங்க அகலமான வேறு மரை. அவசரத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கும். நீளமான திருகை ஆழம் குறைந்த துளையில் விட்டால் அடியில் முட்டி நின்றுவிடும். இறுகிவிட்டது என்று கை சொல்லும், மேலே கேஸ்கெட் (இணைப்பில் கசியாமல் தடுக்கும் தகடு) தளர்வாகவே இருக்கும். இன்ஜினின் அடிக்கூடான கிராங்க்கேஸ் மக்னீசியக் கலவை என்பதால் கொஞ்சம் பலம் கூடினாலும் மரை போய்விடும். கிளட்ச் இடது மரை என்பதையாவது யாராவது சொல்ல வேண்டாமா? முதல் தடவை பூட்டுகிறவர் வழக்கமான பக்கம் திருகிவிட்டு, ஏறவில்லையே என்று இன்னும் பலத்தைப் போடுவார். பிஸ்டன் தலையில் இருக்கும் அம்புக்குறி சைலன்சர் பக்கம் பார்க்க வேண்டும், ரிங்கின் வாய் (அதன் இரு முனையும் சந்திக்கும் இடம்) பள்ளத்தில் இருக்கும் குட்டிப் பின்னில் வந்து உட்கார வேண்டும். இதெல்லாம் அரைப் பக்கத்தில் அடங்கிவிடும் செய்தி.

தாளை விடவும் நான் முக்கியமாகக் கேட்பது ஒன்று உண்டு. உங்கள் பெட்டியில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது என்பதை நீங்களே சொல்லுங்கள். அது உங்களுக்குத் தெரியும். நிறையப் பூட்டியவர்களுக்கும் தெரியும். டேங்க், கைப்பிடி, மூடிகள் எல்லாம் பெரும்பாலும் பழுதில்லை. சின்னச் சாமான்களில்தான் மிச்சம் பிடிக்கிறீர்கள்: பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் கஜன் பின்னைத் தாங்கும் சர்க்ளிப், பிஸ்டன் ரிங், கிராங்க் ஆயில் சீல், பேரிங், பெட்ரோல் குழாய். பழகியவர்கள் இவற்றை ஓரமாக வைத்துவிட்டு, நல்லதாகத் தனியே வாங்கிப் போட்டுக்கொள்கிறார்கள். புதிதாக வருகிறவர் பெட்டியில் இருப்பதையே நம்பிப் போடுகிறார். சர்க்ளிப் என்பது சன்னமான கம்பி வளையம். நிமிடத்துக்கு 12,000 சுற்றைத் தாண்டி ஓடும் இன்ஜினில் அது பள்ளத்தை விட்டு வெளியே வந்தால் பிஸ்டனும் சிலிண்டரும் சேர்ந்தே போகும். அந்த வளையத்தில் உங்களுக்கு மிச்சமாகும் காசு எவ்வளவு இருக்கும்?

சிலிண்டரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். உள்சுவரில் நிக்கல், சிலிக்கான் கார்பைடு கலந்த கடினமான பூச்சு இருக்கிறது. அந்தச் சுவரில் காற்றும் புகையும் போய்வர ஜன்னல்கள் திறந்திருக்கின்றன. சைலன்சர் பக்கத்து ஜன்னலுக்குள் சுண்டுவிரலை விட்டு, அதன் மேல் விளிம்பை நகத்தால் வருடிப் பாருங்கள். நகம் தட்டினால் ரிங்கும் தட்டும். ஒவ்வொரு சுற்றிலும் ரிங் அந்த ஜன்னலைக் கடக்கும்போது இம்மியளவு வெளியே பிதுங்குகிறது. விளிம்பு சாய்வாக இருந்தால் அது வழுக்கி உள்ளே வந்துவிடும். கூராகவோ பிசிறோடோ இருந்தால் சிக்கி உடையும். அந்தப் பிசிறை எடுப்பது உங்கள் பட்டறையில், சரியான கருவியோடு, சில நிமிட வேலை. வீட்டில் சின்னக் கல்லை வைத்துத் தேய்க்கிறவருக்குக் கை ஒரு தடவை நழுவினால் பூச்சே பெயர்ந்துவிடும். பிசிறோடு சிலிண்டரை அனுப்பிவிட்டு "தரம் பார்த்து அனுப்பியது" என்று பெட்டியில் ஒட்டுவது நியாயமில்லை.

அப்புறம் காற்றுக் கசிவு. டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் பெட்ரோலும் காற்றும் முதலில் கிராங்க்கேஸுக்குள்தான் வருகின்றன. பிஸ்டன் கீழே இறங்கும்போது அங்கிருந்துதான் அவை மேலே தள்ளப்படுகின்றன. சீல் உதடு சரியாகப் பிடிக்காவிட்டாலோ கேஸ்கெட் நகர்ந்திருந்தாலோ கார்புரேட்டருக்குத் தெரியாமல் கூடுதல் காற்று நுழையும். கலவை மெலியும், சூடு ஏறும். ஆயில் 50:1 கணக்கில் பெட்ரோலோடு கலந்தே வருவதால், பெட்ரோல் பங்கு குறைந்தால் மசகும் சேர்ந்து குறைகிறது. சூடும் வறட்சியும் ஒன்றாக வந்தால் பிஸ்டன் சுவரைப் பிடித்துக்கொள்ளும். பூட்டியவர் கார்புரேட்டரைத் திருகித் திருகிப் பார்த்துக்கொண்டிருப்பார், குற்றம் சீலில் இருக்கும். இதைக் கண்டுபிடிக்கும் வழி எளிது. காற்று வரும் வழியையும் சைலன்சர் வழியையும் அடைத்து, கைப்பம்பால் அரை பார் அழுத்தம் ஏற்றி, இணைப்புகளில் சோப்புத் தண்ணீர் தடவினால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். பிறகு காற்றை உறிஞ்சியும் பார்க்க வேண்டும், ஏனென்றால் அழுத்தத்தில் பிடிக்கும் சீல் சில நேரம் உறிஞ்சும்போது விட்டுவிடும். இந்தச் சோதனையை முடிக்காமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள் என்று பெட்டியின் மேலேயே பெரிதாக அச்சடிக்கலாம். அடைப்பதற்கு இரண்டு ரப்பர் துண்டும் உள்ளே போட்டால் இன்னும் நல்லது.

இதுவரை சொன்ன குறைகளில் கெட்டுப்போவது மெஷின். காசு போகும், மனசு சலிக்கும், திரும்பவும் செய்யலாம். செயின் பிரேக் விஷயம் அப்படி இல்லை. செயின் சுற்றி ஓடும் நீளத் தகடுதான் பார். அதன் நுனியின் மேல் கால்பகுதி ஒரு கிளையில் பட்டால் போதும், முழு வேகத்தில் சுற்றும் செயினோடு பார் மேல்நோக்கி எகிறி ஆளின் முகத்துக்கும் தோளுக்கும் வருகிறது. அந்த வேகத்துக்கு மனிதக் கை ஈடு கொடுக்காது. முன்பக்கக் கைக்காப்பு தன் எடையின் உந்தலாலேயே முன்னே சாய்ந்து, ஸ்பிரிங்கை விடுவித்து, கிளட்ச் டிரம்மைச் சுற்றியுள்ள எஃகுப் பட்டையை இறுக்க வேண்டும். செயின் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் நிற்க வேண்டும். இந்தப் பிரேக்கைச் சோதிக்க ஐஎஸ்ஓ 6535 என்று தனியாகவே ஒரு தரநிலை இருக்கிறது.

நீங்கள் இதையும் உதிரியாகத்தான் அனுப்புகிறீர்கள். முரட்டு ஸ்பிரிங், பட்டை, நெம்புகோல், பின் எல்லாம் பைக்குள். நெம்புகோலின் முனை கொஞ்சம் தேய்ந்தோ கூடியோ இருந்தால் பிரேக் தாமதமாக விழும், அல்லது விழவே விழாது. பட்டையில் மயிரிழை வெடிப்பு இருந்தால் தேவைப்படும் நேரத்தில் அறும். பூட்டுகிறவர் கைக்காப்பைத் தள்ளிப் பார்க்கிறார், "டக்" என்று சத்தம் கேட்கிறது, சரி என்று விட்டுவிடுகிறார். கையால் தள்ளினால் விழும் பிரேக், மெஷின் எகிறும்போது தானாக விழுமா என்பதை அந்தச் சத்தம் சொல்லாது. இன்ஜினை நிறுத்திவிட்டு, முன்கைப்பிடியைப் பிடித்த கையைத் தளர்த்தி, பார் நுனியை ஒரு கட்டை மேல் விழவிட்டுப் பார்க்கும் சோதனை சில அசல் மெஷின்களின் கையேட்டில் இருக்கிறது. உங்கள் வாடிக்கையாளரிடம் அந்தக் கையேடு இல்லை. பிரேக்கை நீங்களே பூட்டி, சோதித்து, ஒரே துண்டாக அனுப்புங்கள். சோதித்தவர் கையெழுத்தோ முத்திரையோ அதில் இருக்கட்டும். செயின் அறுந்தால் பிடிக்கும் கேட்சரும், ஆக்சிலேட்டர் தானாக அழுந்தாமல் தடுக்கும் லாக்கும் இதே கணக்கில்தான் சேரும்.

உங்களில் நேரடியாக விற்பவர்களிடம் ஒரு வார்த்தை. வாங்க வருகிறவர் இதற்கு முன் செயின்சாவைக் கையில் எடுத்தவரா என்று ஒரு தடவை கேளுங்கள். எடுக்காதவர் என்றால் 70 சிசி, 90 சிசி மெஷினை முதல் மெஷினாகக் கொடுக்காதீர்கள். ஒரு விற்பனை போனால் போகட்டும். "முழு கிட்" என்று எழுதிவிட்டு பார், செயின், ஸ்பார்க் பிளக் எதுவும் வைக்காமல் அனுப்புவதையும் விட்டுவிடுங்கள்.

நல்ல சீலுக்கும் சர்க்ளிப்புக்கும் ரிங்குக்கும் ஆகும் கூடுதல் செலவை விலையில் ஏற்றிக்கொள்ளுங்கள், கொடுக்கிறோம். எப்படியும் அதைத் தனியாக வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம். தாள் எழுத ஆள் இல்லை என்றால் எங்களிடம் கேளுங்கள். எந்தத் திருகு எந்தத் துளைக்கு, எது இடது மரை, எதை முதலில் பூட்டுவது, பிளக்குக்குப் பொறி கொடுக்கும் காயிலுக்கும் ஃபிளைவீலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பூட்டிப் பழகியவர்கள் படத்தோடு எழுதித் தருவோம். நீங்கள் அச்சடித்துப் பெட்டிக்குள் வைத்தால் போதும்.

இப்படிக்கு,
உங்கள் கிட்டை வாங்கிப் பூட்டுகிறவர்களில் ஒருவன்